உப்பும் இடது கையும்

எனக்கு லோ பிரஷர் என்று ஊரே சேர்ந்து முடிவு கட்டியிருந்தது. முதலில் சொன்னவர் தெருமுனை மெடிக்கல் ஷாப் அண்ணன். அதைக் காதில் வாங்கிக்கொண்டு வந்து பரப்பியவர் எங்கள் மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா. மாமி ஒரு விஷயத்தை வாசலில் நின்று சொல்லிவிட்டால் இராஜபாளையத்துக்கே சொன்ன மாதிரி. பிறகு பால் ஊற்ற வருகிறவர்கூட, "என்ன தங்கச்சி, பிரஷர் கொஞ்சமாச்சும் ஏறுச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் பாலை ஊற்றினார்.

லோ பிரஷருக்கு வைத்தியம் சொல்ல டாக்டர் எதற்கு? உப்பு. காலையில் உப்புப் போட்ட மோர். வேலைக்குக் கிளம்பும்போது பாட்டில் நிறைய உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ். மதியம் தூக்குச்சட்டியைத் திறந்தால் கருவாடு. பக்கத்து வீட்டில் தெலுங்கு பேசும் அக்கா ஒருவர் இருக்கிறார். அவர் போடும் ஆவக்காய் ஊறுகாய்க்கு எங்கள் தெருவில் அடிதடியே நடக்கும். அவர் ஒரு பெரிய பாட்டில் ஆவக்காயைக் கொண்டுவந்து மாமியிடம் கொடுத்து, "தெனம் ரெண்டு துண்டு குடுங்க, தலைசுத்தல் ஓடிரும்" என்றார். மாமி அதை அடுப்படி அலமாரியில் என் சத்து மாத்திரை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார். அவரைப் பொறுத்தவரை அதுவும் மருந்துதான்.

நான் சாப்பிட்டேன். வாய்க்கு ருசியாக வைத்தியம் கிடைத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

எனக்கும் மாமிக்கும் நாள் முழுக்கச் சண்டைதான். விளக்குமாற்றை நிமிர்த்தி வைத்தது யார், புளியை இவ்வளவு கரைத்தது யார் என்று காலையில் தொடங்கினால் இரவு இஷா தொழுகை வரை ஓடும். இரண்டு பேருக்கும் வாய் அடங்காது. ஆனால் நான் வேலை முடிந்து வரும்போது எனக்கென்று ஒரு தட்டு மூடி வைத்திருப்பார், அதைத் தொட்டால் என் வீட்டுக்காரருக்கே அடி விழும். எங்கள் பிரியமெல்லாம் இப்படித்தான், சத்தமாக இருக்கும்.

எனக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. பேண்டேஜ் துணி போடும் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை. துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, எங்காவது இழை விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். யாரோ ஒருவரின் புண்ணில் படுகிற துணி, அதில் அழுக்கு இருந்தால் பாவம் நமக்கு. இரண்டு கையும் தோளுக்கு மேலே நிற்க வேண்டிய வேலை. எனக்கு அது பிடிக்கும். கண்ணும் கையும் சேர்ந்து ஓட ஆரம்பித்தால் பொழுது போவதே தெரியாது.

அந்த வேலையில்தான் இடது கை மக்கர் பண்ணத் தொடங்கியது. தூக்கிய கொஞ்ச நேரத்தில் கை கனக்கும், பிறகு கடுக்கும், பிறகு துணியை விட்டுவிடும். கீழே தொங்கப்போட்டால் சரியாகிவிடும். மறுபடி தூக்கினால் மறுபடி அதே கதை. "ரத்தம் பத்தல" என்றார்கள் கூட வேலை பார்க்கிறவர்கள். வாஸ்தவம்தான், ஆனால் அவர்கள் சொன்ன அர்த்தத்தில் இல்லை. கழுத்தின் ஒரு பக்கம் தொட்டாலே வலித்தது. தலையணை சரியில்லை என்று மாமி புது இலவம்பஞ்சுத் தலையணை தைத்தார். சாயங்காலம் உடம்பு கணகணவென்று இருந்தது. மிஷின் சூடு என்றார்கள். ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆனது. அதற்கு மட்டும் நான் சந்தோஷப்பட்டேன். அண்ணாந்து பார்த்தால் கண்ணுக்கு முன்னால் திரை போட்டதுபோல் மங்கித் தெளியும். அதற்குத்தான் லோ பிரஷர் என்ற ஒரு பதில் இருந்ததே.

மெடிக்கல் ஷாப் அண்ணன் பிரஷர் பார்க்கும் முறையை இங்கே சொல்லியாக வேண்டும். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஆண்கள் வந்தால் வலது கையை நீட்டச் சொல்வார். பெண்கள் வந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டு இடது கையை வாங்குவார். "ஆம்பளைக்கு வலது, பொம்பளைக்கு இடது. எங்கப்பா நாடி பாத்ததுலருந்து அதான் மொறை" என்பார். அவருடைய அப்பா நாட்டு வைத்தியர். கைரேகை பார்க்கிறவரும் அப்படித்தான் பார்க்கிறார், கயிறு மந்திரித்துக் கட்டுகிறவரும் அப்படித்தான் கட்டுகிறார். அதனால் பிரஷர் மிஷினுக்கு அந்த முறை உண்டா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அது அப்படியே பழகிப்போய், கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டபோதும், காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோதும், அவர்கள் கேட்பதற்கு முன்பே நானாகவே இடது கையை நீட்டினேன். நீட்டுகிற கையில் பார்த்துவிட்டு அவர்களும் அனுப்பினார்கள்.

சில நாள் அண்ணனின் மிஷின் எண்ணையே காட்டாது. பேட்டரியைக் கழற்றித் துடைத்துப் போடுவார். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நாடி ரொம்ப ஆழத்துல ஓடுதும்மா, பலவீனம். நல்லா உப்புப் போட்டுச் சாப்பிடு" என்பார். நல்ல மனிதர்தான், என்மேல் அக்கறை உள்ளவர்தான். இப்போது நினைத்தாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

அந்த வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முந்தின நாள், கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனேன். மருதாணி போட அக்காவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. பஸ்ஸில் போய் இறங்கினதுமே தலை கிறுகிறுவென்றுதான் இருந்தது. நோன்பு, வெயில், லோ பிரஷர், வேறென்ன என்று உட்கார்ந்து கையை நீட்டினேன். அக்கா இடது கையில் ஆரம்பித்து, விரல் நுனியிலிருந்து முழங்கைக்குப் பக்கம் வரைக்கும் கொடி ஓட்டினாள். எம்புட்டு அழகு! வலது கைக்கு மாறலாம் என்று மருதாணிக் கோனைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முகம் எனக்கு மங்கிக்கொண்டே போனது. இந்தத் தடவை உடனே தெளியவில்லை.

"அக்கா, ஒன் மொகம் தெரியல" என்றேன்.

"வெளையாடாதட்டி" என்றாள். பிறகு என் கண்ணைப் பார்த்துவிட்டு, கோனைக் கீழே போட்டாள்.

சற்று நேரத்தில் பார்வை திரும்பிவிட்டது. நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், அவள் கேட்கவில்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு பெண் டாக்டரின் கிளினிக் இருந்தது. ஈர மருதாணிக் கையை மேலே தூக்கிக்கொண்டு, கடைவீதியில் பெருநாள் கூட்டத்துக்கு நடுவே, அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். பார்த்தவர்களெல்லாம் நான் யாருக்கோ கையைக் காட்டுகிறேன் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கை பாதியிலேயே கடுத்துப்போய், அக்கா அதையும் தாங்கிக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் பிரஷர் மிஷினோடு வந்தாள். பழக்க தோஷத்தில் இடது கையை நீட்டப்போனேன். அவள் மருதாணியைப் பார்த்தாள், தன் கையிலிருந்த மிஷின் பட்டையைப் பார்த்தாள்.

"புதுப் பட்டை அக்கா. கறை பட்டுச்சுன்னா டாக்டர் வைவாங்க. அந்தக் கையைக் குடுங்க."

"பொம்பளைக்கு இடது கையிலதானம்மா பாக்கணும்?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

அவள் சிரித்துக்கொண்டே வலது கையில் பட்டையைச் சுற்றினாள். காற்று ஏற்றி இறக்கியதும் சிரிப்பு நின்றது. இன்னொரு தடவை பார்த்தாள். எழுந்து உள்ளே போனாள். டாக்டரே வெளியே வந்தார். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். பேச்சில் சுற்றிவளைப்பே கிடையாது.

"நூத்தித் தொண்ணூறு இருக்கு" என்றார்.

அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அய்யோ டாக்டர், இவளுக்கு லோ பிரஷர்! ரெண்டு வருஷமா லோ பிரஷர்!"

டாக்டர் என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இம்புட்டு நாளும் எந்தக் கையில பாத்தாங்க?"

நான் மருதாணிக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

"போயி அலம்பிட்டு வாங்க."

"அலம்ப மாட்டேன். இப்பத்தான் வச்சது, செவக்கவே இல்ல" என்றேன். அக்கா என் தொடையில் கிள்ளினாள். கண் தெரியாமல் போய் வந்த ஒருத்தி மருதாணிக்குச் சண்டை பிடிக்கிறாள் என்று டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது போல. அவரே பட்டையை விரித்து, முழங்கைக்கு மேலே கறை படாமல் சுற்றினார். அழுத்தினார், இறக்கினார். எண்பது. அதையும் நம்பிச் சொல்ல முடியாது என்றார். பிறகு என் இரண்டு மணிக்கட்டிலும் ஒரே நேரத்தில் விரல் வைத்தார். இடது பக்கம் ஈர மருதாணியின் மேலேயே இரண்டு விரலை அழுத்தி, ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். கொடி கலைந்துபோகிறதே என்று எனக்கு மூக்குக்கு மேல் கோபம்.

"இந்தக் கையில நாடியே இல்ல" என்றார்.

ஸ்டெதாஸ்கோப்பைக் காறை எலும்புக்கு மேல் வைத்தார், கழுத்தில் வைத்தார், வயிற்றில் வைத்தார். பிறகு கேட்க ஆரம்பித்தார். கையைத் தூக்கி வேலை செய்தால் கடுக்குமா? தொங்கப்போட்டால் சரியாகுமா? கழுத்தைத் தொட்டால் வலிக்குமா? சாயங்காலம் லேசாகக் காய்ச்சல் அடிக்குமா? உடம்பு இளைத்ததா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் வந்துவிட்டது. தலையணைக்கு ஒன்று, மிஷின் சூட்டுக்கு ஒன்று என்று நாங்கள் பங்கு போட்டுக் கொடுத்திருந்ததையெல்லாம் அவர் ஒரே இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார். யா அல்லா, எல்லாம் ஒரே நோயா?

நெஞ்சிலிருந்து புறப்படும் பெரிய ரத்தக்குழாயும் அதன் கிளைகளும் உள்ளுக்குள் வீங்கித் தடித்துப்போகிற நோய் என்றார். பெருந்தமனி அழற்சி. பெரும்பாலும் இளவயதுப் பெண்களுக்கு வருவது. இடது கைக்குப் போகிற கிளை அடைபட்டிருப்பதால் அங்கே நாடியும் இல்லை, பிரஷரும் இல்லை. உண்மையான பிரஷர் வலது கையில் இருக்கிறது, அது தலைக்கு மேல் போய்விட்டது. "ஸ்கேன் எடுத்துத்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா இந்தப் பிரஷருக்கு மூளையில ரத்தக்குழா வெடிக்கலாம், பார்வை போகலாம். கண்ணு மங்குனது அதுக்கு எச்சரிக்கைதான்" என்றார்.

கையில் ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். நான் நோன்பு என்றேன்.

"நோன்பைப் பொறவு வச்சுக்கலாம். இந்த மாத்திரையைப் பொறவு போட முடியாது" என்றார். போட்டேன்.

மறுநாள் பெருநாளில் என் இடது கை நன்றாகச் சிவந்திருந்தது. மணிக்கட்டில் மட்டும் கொடி அறுந்து, டாக்டரின் இரண்டு விரல் பதிந்த இடம் வெளுப்பாக இருந்தது. வலது கையில் ஒன்றுமே இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் ஒத்தைக் கை மருதாணியைப் பார்த்துச் சிரித்தார்கள். மாமி சிரிக்கவில்லை. அந்த வெளுத்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெருநாள் கழிந்ததும் ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போனோம். என் வீட்டுக்காரர் கூட வருகிறார் என்றாலும், மாமி வயர் கூடையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக பஸ்ஸில் ஏறினார். ரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருப்பதைக் காட்டுகிற அளவெல்லாம் ஏறிக்கிடந்தது. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றினபோது தொண்டையிலிருந்து கால்வரை சூடு ஓடியது. படத்தைப் பெரிய டாக்டர் எங்களுக்குக் காட்டினார். நெஞ்சிலிருந்து கிளைவிட்டுப் போகும் குழாய்களில், இடது தோள் பக்கம் போவது மட்டும் நூலாக மெலிந்து, காணாமல் போயிருந்தது. சிறுநீரகத்துக்குப் போகிற குழாய் ஒன்றும் சுருங்கியிருந்தது. பிரஷர் அவ்வளவு ஏறினதற்கு அது காரணம் என்றார். கிருமி இல்லை, யாருக்கும் ஒட்டாது, உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பை அடிக்கிறது என்றார். நோய்க்கு ஒரு ஜப்பான்காரர் பேரும் சொன்னார், எங்கள் மூன்று பேர் வாயிலும் அது நுழையவில்லை.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது உப்பு விஷயம் வந்தது. மோர், கருவாடு, ஆவக்காய் எல்லாம் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இந்தப் பிரஷருக்கு இவ்வளவு உப்பா? யாரும்மா இப்படிச் சாப்பிடச் சொன்னது?"

எனக்குப் பின்னால் வயர் கூடை கிரீச்சிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் சொல்லல டாக்டர். எனக்கு உப்புன்னா உசிரு. நானாத்தான் தின்னேன்."

நோய் உப்பினால் வந்ததல்ல, ஆனால் பிரஷரை அது தூக்கிவிட்டிருக்கும், இனி குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் மாமி ஒரு வார்த்தை பேசவில்லை. முக்கால் வழி, கிருஷ்ணன்கோவில் தாண்டியும் பேசவில்லை. மாமி இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு நோயைவிட அதுதான் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் கருவாடு குப்பைக்குப் போனது. ஆவக்காய் பாட்டிலைத் தூக்கி அலமாரியின் உச்சித் தட்டில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே சட்டி, உப்பில்லாச் சமையல். நமக்கும் பிரஷர்தான் என்று மாமியும் உப்பை விட்டார். என் வீட்டுக்காரர் மட்டும் தட்டு ஓரத்தில் உப்பு வைத்துக்கொள்வார்.

மருந்து ஆரம்பித்தது. ஸ்டீராய்டு என்று கேள்விப்பட்டதும் தெருவில் ஆளுக்கொரு புரளி. நான் ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை, டாக்டர் சொன்ன அளவில் சொன்ன நேரத்துக்குப் போட்டேன். காய்ச்சல் நின்றது, கழுத்து வலி ஓடிப்போனது. பிரஷர் மாத்திரையில் கண் மங்குவதும் நின்றது. பசியோ பசி, அப்படி ஒரு பசி. கன்னம் உப்பி முகம் வட்டமாகிவிட்டது. "ஒடம்பு சரியில்லன்னாங்க, பூசுனாப்புல நல்லாத்தான இருக்கே" என்று கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? என் வீட்டுக்காரர் அதற்கும் மேலே. "பெருநாளுக்குப் பெறை பாக்க மாடிக்குப் போனோம். இப்ப முழு நெலா அடுப்படியிலயே நிக்குது" என்றார். கரண்டியை எறிந்தேன், குனிந்துகொண்டார்.

கம்பெனியில் எனக்காகச் செக்கிங் மேசையைச் சாய்வாக மாற்றிக் கொடுத்தார்கள். கையைத் தூக்காமல் கீழிருந்து வரும் வெளிச்சத்தில் துணியைப் பார்க்கலாம். கண் நன்றாக இருந்தது, இழை ஒன்று விட்டாலும் பிடித்துவிடுவேன். அந்தக் கண்ணைத்தான் ஒரே நாளில் நான் இழக்க இருந்தேன் என்று துணியை விரிக்கும்போதெல்லாம் நினைப்பேன். நினைத்ததும் ஒரு சந்தோஷம் வரும்.

மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. மறுநாளிலிருந்து யார் வந்தாலும் இரண்டு கையிலும் பார்க்க ஆரம்பித்தார். இருமல் மருந்து வாங்க வந்தவரைக்கூட விடுவதில்லை. "ரெண்டு கையையும் குடுங்க" என்று பிடித்து உட்காரவைத்துவிடுவார்.

ஒரு நாள் மாத்திரை வாங்கப் போனபோது அவர்தான் வாய்விட்டார். "ஒங்க மாமியும் வந்தாகம்மா. ரெண்டு கையும் பாத்தேன். நூத்தி இருவது, எம்பது. கொமரி மாதிரி இருக்காக."

எனக்குச் சுருக்கென்றது. நமக்கும் பிரஷர்தான், உப்பு ஆகாது என்று சொல்லித்தானே மாமி இத்தனை மாதமாக என் கூட உட்கார்ந்து உப்பில்லாமல் சாப்பிடுகிறார்? தட்டில் உப்புப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கல்யாண வீட்டுப் பிரியாணியைக்கூட வேண்டாம் என்று எழுந்து வந்தவர். விறுவிறுவென்று வீட்டுக்கு வந்தேன்.

"ஒங்களுக்குப் பிரஷரே இல்லையாமே! என்ன கேடுன்னு இப்பிடி உப்பில்லாமத் திங்கிறீக?"

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"ஒனக்கென்ன? என் நாக்கு, என் இஷ்டம்."

"சொல்லுங்கன்னா சொல்லுங்க!"

"கத்தாதட்டி. அந்த டாக்டர் கேட்டப்ப நீதான் தின்னேன்னு சொன்னே. எனக்குக் காது கேக்காதா? ஊட்டுனது நானு. ஒங் கையில நாடி வரட்டும், பொறவு உப்புத் திங்கிறேன்."

"உப்புனால வந்த நோயில்லன்னு டாக்டர் சொன்னாகள்ல?"

"டாக்டருக்கு ஆயிரம் தெரியும். ஊட்டுன கை எது?"

"மாமி, அந்த நாடி வராமலே போயிரலாம்னும் சொல்லியிருக்காக. அப்ப என்ன செய்வீக?"

"இப்பிடியே இருந்துட்டுப் போறேன். அல்லா எனக்கு நாக்கு குடுத்தது ருசி பாக்க மட்டுமா?" என்று கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் கொல்லைப்பக்கம் போய் அழுதேன். கோபத்தில் அழுதேனா, வேறெதிலா, இரண்டும்தான். அதுவரை அந்த நாடி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்றிருந்தேன். உயிர் இருக்கிறது, கண் இருக்கிறது, போதாதா? அன்றிலிருந்து தினமும் காலையில் பல் தேய்க்கும் முன்பே மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒன்றும் இருக்காது. விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, மாமிக்கு முன்னால் ஒன்றும் நடக்காததுபோல் அடுப்பைப் பற்றவைப்பேன்.

மறுபடி நோன்பு வந்தது. மாத்திரை இருப்பதால் எனக்கு நோன்பு இல்லை. மாமி ஒன்றையும் விடவில்லை. நாளெல்லாம் பட்டினி கிடந்து, சாயங்காலம் உப்பில்லா நோன்புக் கஞ்சியை மூக்கைச் சுளிக்காமல் குடிப்பார். பள்ளிவாசலிலிருந்து உப்போடு மணக்க மணக்கக் கஞ்சி வரும். அதை அப்படியே பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிடுவார்.

பெருநாள் நெருங்கியபோது ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரிடம் காட்டப் போனேன். ரத்தப் பரிசோதனையில் அழற்சி இறங்கியிருந்தது. வலது கையில் பிரஷர் சரியாக இருந்தது. வழக்கம்போல் இடது மணிக்கட்டில் விரல் வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை.

"லேசா அடிக்குது" என்றார். "வீக்கம் வத்தியிருக்கு. பக்கத்துக் கிளைகளும் வளந்து கைக்கு ரத்தம் கொண்டுபோகுது. முழுசா வந்துருச்சுன்னு நெனைக்காதீங்க, மருந்தை விட்டுராதீங்க. பிரஷர் எப்பவும் வலது கையிலதான் பாக்கணும்."

சரி சரி என்றேன். காதில் விழுந்தது "அடிக்குது" ஒன்றுதான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தேன். பஸ் குலுக்கலில் எது நாடி, எது சாலை என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நோன்பு திறக்கச் சற்று நேரம்தான் இருந்தது. மாமி பாயில் உட்கார்ந்து, பேரீச்சம்பழமும் கஞ்சியும் முன்னால் வைத்து, பள்ளிவாசல் பாங்குச் சத்தத்துக்காகக் காத்திருந்தார். நான் செருப்பைக் கழற்றின வேகத்தில் போய் முன்னால் உட்கார்ந்து இடது கையை நீட்டினேன்.

"பாருங்க. நாடி வந்துருச்சு."

"டாக்டர் ஒன் மனசு நோகக்கூடாதுன்னு சும்மா சொல்லியிருப்பாக."

"நீங்களே பாருங்களேன்!"

மாமி விரலை வைத்தார், எங்கேயோ வைத்தார். "ஒண்ணும் காணலையேட்டி" என்றார். அவருடைய இரண்டு விரலையும் பிடித்து, போன வருஷம் மருதாணி பிடிக்காமல் வெளுத்துக்கிடந்த அதே இடத்தில் வைத்தேன். மாமி கண்ணை மூடிக்கொண்டார்.

பாங்கு சொன்னார்கள். மாமி பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை.

"மாமி, பாங்கு சொல்லியாச்சு. நோன்பைத் தெறங்க."

"செத்த நேரம் சும்மா இரு. எண்ணிக்கிட்டிருக்கேன்."

அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்தார், ஈரமாக இருந்தது. "அடிக்குதுட்டி" என்றார். பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, துஆ ஓதி, தண்ணீர் குடித்து, கஞ்சியில் ஒரு வாய் வைத்தார். வைத்ததும் முகம் கோணியது. ஒரு வருஷத்தில் முதல் தடவையாக.

"சே, இதை மனுசன் குடிப்பானா! ஏட்டி, மேல் தட்டுல அந்த ஆவக்கா பாட்டில் இருக்கும் பாரு, எடு."

நான் எழுந்துபோய், எக்கி, இடது கையை உயர்த்தி உச்சித் தட்டைத் துழாவினேன். பாட்டில் பின்னால் தள்ளிக் கிடந்தது. அதை முன்னால் நகர்த்திக் கொண்டுவர நேரமாயிற்று. கை கீழே விழவில்லை. சாப்பாட்டுச் சாமானை இடது கையால் எடுத்தால் வீட்டையே இரண்டாக்குகிற மாமி, அன்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.